அந்துவான் மார்க் கோடன்

அந்துவான் மார்க் கோடன் (ஆகஸ்ட் 8, 1900 - ஆகஸ்ட் 23, 1974) நுரை மிதப்பு முறைக்கு அறிவியல் அடித்தளம் அமைத்தவர்களுள் முதன்மையான உலோகவியலாளர் ஆவார். பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய இவர், யூட்டா, மொன்டானா, மாசச்சூசெட்ஸ் ஆகிய மாநிலங்களில் பேராசிரியராகப் பணியாற்றினார். தாதுத்துகள் ஒன்று மிதப்பதும் அமிழ்வதும் அதன் உட்பகுதியைப் பொறுத்ததன்று, ஒரு மூலக்கூறு அளவே தடிப்புள்ள அதன் மேற்பரப்பைப் பொறுத்தது என்பதை அளவீடுகளின் வழியே நிறுவ முயன்றது இவருடைய வாழ்நாள் பணி எனலாம். அந்த மேற்பரப்பை வேதிப்பொருள்களால் மாற்றியமைக்க முடியும் என்ற புரிதலே, எளிதில் மிதக்காத ஆக்சைடுச் செப்புத் தாதுக்களைச் செயலூக்கிகள் கொண்டு மிதக்கச் செய்யும் முறைக்கும் அடிப்படையாகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும், தரம் குறைந்த தாதுக்களிலிருந்து யுரேனியத்தைப் பிரிக்கும் முறைகளை உருவாக்கிய குழுவுக்கும் இவர் தலைமை தாங்கினார்.

இளமையும் கல்வியும்

கோடன், அன்றைய ஓட்டோமான் பேரரசைச் சேர்ந்த சிமிர்னா நகரில் (இன்றைய துருக்கியின் இசுமீர்) பிறந்தார். இவருடைய தந்தை பவுல் கோடன், அங்கு இயங்கிய பிரெஞ்சுத் தொடருந்து நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். தொல்பொருள் ஆய்விலும் ஈடுபாடு கொண்டவர். பள்ளிக் கல்வியைப் பிரான்சில் முடித்த கோடன், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்றார். நியூ யார்க்கில் உள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சுரங்கவியல் கல்லூரியில் பயின்று, 1921இல் சுரங்கப் பொறியாளர் பட்டம் பெற்றார். 1924 முதல் 1926 வரை அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார்.

அக்காலத்தில் மிதப்பு முறை

நுரை மிதப்பு முறையில், மாவாக அரைத்த தாதுவை நீரில் கலந்து, சிறிதளவு வேதிப்பொருள்களைச் சேர்த்து, காற்றுக் குமிழிகளைச் செலுத்துவர். நீர் ஒட்டாத துகள்கள் குமிழிகளில் பற்றிக்கொண்டு நுரையுடன் மேலே வரும். நீரில் நனையும் துகள்கள் அடியிலேயே தங்கிவிடும். மேலே வரும் நுரையை வழித்தெடுத்தால் செறிவூட்டிய தாது கிடைக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆத்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கங்களில் இம்முறை தொழிலாக வளர்ந்தது. ஒரு பொருளைச் சேர்த்தால் ஒரு கனிமம் மிதக்கும், இன்னொன்றைச் சேர்த்தால் அமிழும் என்பதை ஆலைகளில் இருந்தவர்கள் பட்டறிவால் கண்டுபிடித்தனர். துத்தநாகச் சல்பைடை மிதக்கச் செய்ய மயில்துத்தம் உதவும் என்பதும், சயனைடு சில கனிமங்களை அமிழ்த்தும் என்பதும் இவ்வாறு அறியப்பட்டவையே. 1920களின் நடுப்பகுதியில் சாந்தேட்டு எனப்படும் கந்தகச் சேர்மங்கள் சேகரிப்பானாக அறிமுகமானபின் இம்முறை மேலும் விரைவாகப் பரவியது. ஆயினும் அவை ஏன் அவ்வாறு செயல்படுகின்றன என்ற கேள்விக்கு உறுதியான விடை இல்லை. ஒரு சுரங்கத்தில் பயன்பட்ட கலவை அடுத்த சுரங்கத்தில் பயன்படாதபோது, மீண்டும் முதலிலிருந்து சோதித்துப் பார்ப்பதே வழியாக இருந்தது. காப்புரிமை வழக்குகளும் மிகுதியாக இருந்ததால், தெரிந்தவற்றை வெளியிடுவதிலும் தயக்கம் நிலவியது.

கோடன் இத்துறைக்குள் நுழைந்தபோது இருந்த நிலை இதுவே.

யூட்டாவும் மொன்டானாவும்

1926இல் கோடன் யூட்டாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தாதுவை நொறுக்கும்போது கிடைக்கும் துகள்களின் அளவுப் பரவல் பற்றிய இவருடைய ஆய்வுக் கட்டுரை அவ்வாண்டிலேயே வெளிவந்தது. பின்னர் இவருடைய மாணவர் ரைன்ஹார்ட் சூமன் இதனை விரிவுபடுத்தினார். இன்று கனிமப் பொறியியல் மாணவர்கள் கோடன்-சூமன் பரவல் என்ற பெயரில் இதனைப் படிக்கின்றனர். மிதப்பு முறையின் அடிப்படைகள் பற்றிய தொடர் ஆய்வுகளையும் இவர் யூட்டாவில்தான் தொடங்கினார்.

1929இல் மொன்டானா மாநிலத்தின் பியூட் நகரில் உள்ள சுரங்கவியல் கல்லூரிக்குச் சென்று, 1939 வரை அங்குப் பணியாற்றினார். பியூட் அக்காலத்தில் உலகின் பெரிய செப்புச் சுரங்க நகரங்களுள் ஒன்று. கல்லூரியைச் சுற்றிலும் சுரங்கங்கள் இருந்தன. ஆலையில் எழும் சிக்கலை ஆய்வகத்துக்குக் கொண்டுவரவும், ஆய்வகத்தில் கண்டதை ஆலையில் சரிபார்க்கவும் இச்சூழல் ஏற்றதாக இருந்தது.

1931இல் துகளின் அளவுக்கும் அது மிதக்கும் தன்மைக்கும் உள்ள தொடர்பை இவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டனர். மிகப் பெரிய துகள்கள் குமிழியிலிருந்து கழன்று விழுகின்றன; மிக நுண்ணிய துகள்கள் குமிழியை எளிதில் சென்று சேர்வதில்லை; இரண்டுக்கும் இடைப்பட்டவையே நன்கு மிதக்கின்றன. தாதுவை எவ்வளவு அரைக்க வேண்டும் என்ற கேள்விக்கு இது நேரடியாக விடை கூறியது. அரைப்பதற்கே ஆலையின் மின்செலவில் பெரும்பங்கு போகிறது என்பதால், இக்கண்டுபிடிப்பு ஆலைகளின் வரவு செலவையும் தொட்டது.

மேற்பரப்பில் நடப்பது என்ன?

சாந்தேட்டு ஒரு கனிமத்தில் எவ்வாறு ஒட்டுகிறது என்பது 1930களில் பெரும் விவாதமாக இருந்தது. கொலம்பியாப் பேராசிரியர் ஆர்தர் டாகார்ட், இது சாதாரண வேதிவினையே என்றும், நீரில் எளிதில் கரையாத உப்பு உண்டாகும் இடத்தில்தான் சேகரிப்பான் பற்றும் என்றும் வாதிட்டார். ஆத்திரேலியாவில் இயன் வார்க், ஆல்வின் காக்ஸ் ஆகியோர் கனிமப் பரப்பில் குமிழி அமையும் தொடுகோணத்தை அளந்து, பரப்புக் கவர்ச்சியே காரணம் என்றனர். கோடன், மேற்பரப்பில் உள்ள அயனி ஒன்று வெளியேறி அதனிடத்தில் சேகரிப்பான் அயனி வந்து அமர்கிறது என்ற அயனிப் பரிமாற்றக் கருத்தை முன்வைத்தார்.

1936இல் கோடனும் சூமனும் கால்கோசைட்டு என்ற செப்புச் சல்பைடுக் கனிமத்தை எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு சாந்தேட்டை உறிஞ்சுகிறது என்று அளந்தனர். உறிஞ்சிய படலத்தில் ஒரு பகுதியைக் கரிமக் கரைப்பானால் கழுவி நீக்க முடிந்தது. இன்னொரு பகுதி நீங்காமல் கனிமத்துடன் உறுதியாகப் பிணைந்திருந்தது. மேற்பரப்பில் உண்டாகும் படலம் எவ்வளவு தடிப்பானது என்பதைவிட, அது கனிமத்துடன் எவ்வளவு இறுகப் பிணைந்துள்ளது என்பதே முக்கியம் என்பதற்கு இது ஒரு சான்று.

இவ்விவாதத்தில் எந்த ஒரு தரப்பும் முழு வெற்றி பெறவில்லை. சல்பைடுக் கனிமங்களின் பரப்பில் ஆக்சிசனும் சாந்தேட்டும் சேர்ந்து நிகழ்த்தும் மின்வேதிவினையே முதன்மையானது என்பது 1950களுக்குப் பிந்தைய ஆய்வுகளால் தெளிவானது. எனினும், ஊகத்தை விடுத்து அளவீட்டால் விடை காண வேண்டும் என்ற நிலையை உருவாக்கியதில் கோடனுக்கும் அவரை எதிர்த்தவர்களுக்கும் சம பங்கு உண்டு.

செயலூக்கிகளும் ஆக்சைடுச் செப்புத் தாதுக்களும்

மேனிலை வகுப்பு வேதியியல் பாடத்தில், நுரை மிதப்பு முறை சல்பைடுத் தாதுக்களுக்கு உரியது என்று படிக்கிறோம். இது பொதுவாகச் சரியே. ஆனால் செப்புப் படிவுகளின் மேற்பகுதி நீண்ட காலமாக மழைநீருக்கும் காற்றுக்கும் உட்பட்டிருப்பதால், அங்குள்ள சல்பைடுகள் சிதைந்து மாலகைட்டு, அசுரைட்டு, குப்ரைட்டு, கிரைசோகொல்லா போன்ற கனிமங்களாக மாறியிருக்கும். இவற்றுள் கார்பனேட்டுகளும் சிலிக்கேட்டுகளும் இருந்தாலும், தொழில் வழக்கில் அனைத்தையும் சேர்த்து ஆக்சைடுத் தாது என்றே அழைப்பர். மாலகைட்டின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு செப்பு உள்ளது. அதிகம் கிடைக்கும் சல்பைடான கால்கோபைரைட்டில் இருப்பதோ ஏறத்தாழ 35 விழுக்காடுதான். ஆயினும் சல்பைடை மிதக்கச் செய்யும் அதே சாந்தேட்டைச் சேர்த்தால் மாலகைட்டு சரியாக மிதப்பதில்லை. செப்பு வளம் மிகுந்த துகள்கள் கழிவுடன் சேர்ந்து வெளியேறிவிடும்.

இதற்குக் காரணம் மேற்பரப்பில் உள்ளது. ஆக்சைடுக் கனிமங்களின் பரப்பு நீரை விரும்பி ஏற்கும். அதிலிருந்து செப்பு அயனிகள் எளிதில் கரைந்து வெளியேறி, நீரில் உள்ள சாந்தேட்டுடன் வினைபுரிந்து அதனை வீணாக்கும். பரப்பின்மீது செப்புச் சாந்தேட்டு உண்டானாலும், அது கனிமத்துடன் இறுகப் பிணையாமல், கலக்கும்போது உரிந்துவிடும். சேகரிப்பானின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது செலவைத்தான் கூட்டும்.

இவ்விடத்தில் பயன்படுவதே செயலூக்கி. செயலூக்கி என்பது தானே கனிமத்தை மிதக்கச் செய்யாமல், சேகரிப்பான் ஒட்டுவதற்கு ஏற்றவாறு கனிமத்தின் பரப்பை மாற்றித் தரும் வேதிப்பொருள் ஆகும். ஆக்சைடுச் செப்புத் தாதுவுக்குச் சோடியம் சல்பைடு அல்லது சோடியம் ஐதரசன் சல்பைடு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இம்முறை சல்பைடாக்கம் எனப்படும். நீரில் உள்ள சல்பைடு அயனி, மாலகைட்டின் பரப்பில் உள்ள கார்பனேட்டு, ஐதராக்சைடு அயனிகளை வெளியேற்றிவிட்டு அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது. துகளின் உள்ளே மாலகைட்டு அப்படியே இருக்க, வெளியே மெல்லிய செப்புச் சல்பைடுப் படலம் உண்டாகிறது. சாந்தேட்டைப் பொறுத்தவரை அத்துகள் இனி ஒரு சல்பைடுக் கனிமமே. கோடன் வலியுறுத்திய அயனிப் பரிமாற்றக் கருத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனால் இம்முறையைக் கையாள்வது எளிதன்று. சல்பைடு குறைந்தால் படலம் முழுமையாக உண்டாகாது. கூடினாலோ, நீரில் எஞ்சியிருக்கும் சல்பைடு அயனிகள் சாந்தேட்டுடன் போட்டியிட்டு, அதனைப் பரப்பில் ஒட்டவிடாமல் தடுக்கும். ஒரே பொருள் ஓர் அளவில் செயலூக்கியாகவும், அதற்கு மேற்பட்ட அளவில் தணிப்பானாகவும் வேலை செய்கிறது. மேலும், காற்றில் உள்ள ஆக்சிசன் சல்பைடைச் சிதைக்கிறது. நீண்ட நேரம் வேகமாகக் கலக்கினால் உண்டான படலமும் உரிகிறது. எனவே மொத்தச் சல்பைடையும் ஒரே முறையில் கொட்டாமல், பல கட்டங்களாகப் பிரித்துச் சேர்ப்பது வழக்கம். தாதுவின் தன்மை நாளுக்கு நாள் மாறுவதால், நேற்றைய அளவு இன்று பொருந்தாமல் போகலாம். ஆலை இயக்குநரின் கைப்பழக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன இழப்பு நேரும் என்பதற்கும், பரப்பில் நடப்பதை ஏன் அளக்க வேண்டும் என்பதற்கும் இது நல்ல சான்று.

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்

1939இல் கோடன் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) கனிமப் பொறியியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அமெரிக்கக் கனிமப் பொறியியலின் முன்னோடியான இராபர்ட் ரிச்சர்ட்சின் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை இவர் வகித்தார். 1966இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார்.

போருக்குப் பின் ஆய்வகங்களுக்குக் கதிரியக்க ஓரிடத்தான்கள் கிடைக்கத் தொடங்கின. மேற்பரப்பில் ஒட்டும் மிகச் சிறிய அளவையும் அளக்க இவை ஏற்ற கருவி என்பதைக் கோடன் விரைவில் உணர்ந்தார். 1950இல் இவரும் புளோக்கரும் கதிரியக்கக் கார்பன் சேர்ந்த அமீன் சேகரிப்பானைப் பயன்படுத்தி, குவார்ட்சுப் பரப்பில் அது எவ்வளவு படிகிறது என்று அளந்தனர். அடுத்து, பேரியம் அயனி குவார்ட்சைச் செயலூக்கும் முறை ஆராயப்பட்டது. குவார்ட்சும் கொழுப்பு அமில அயனிகளும் எதிர்மின்தன்மை கொண்டவை என்பதால் தாமாக ஒட்டுவதில்லை. நேர்மின்தன்மையுள்ள பேரியம் இடையில் பாலமாக அமைந்து இரண்டையும் இணைக்கிறது.

1957இல் வெள்ளி அயனியும், 1959இல் செப்பு அயனியும் துத்தநாகச் சல்பைடுக் கனிமமான ஸ்பேலரைட்டைச் செயலூக்குவது பற்றி இவரும் டக்ளஸ் பியூர்ஸ்டெனாவும் உடன் ஆய்வாளர்களும் கட்டுரைகள் வெளியிட்டனர். கனிமத்தின் பரப்பிலுள்ள துத்தநாக அயனி வெளியேற, அதனிடத்தில் செப்பு அயனி அமர்கிறது. சயனைடைச் சேர்த்தால் அப்படலம் நீங்கி, செயலூக்கம் மறைகிறது. புரோக்கன் ஹில் ஆலைகளில் பட்டறிவால் கண்ட மயில்துத்தத்தின் விளைவுக்கு இவ்வாறு அளவீட்டு விளக்கம் கிடைத்தது. ஸ்பேலரைட்டில் உலோக அயனி மாறுகிறது. மாலகைட்டில் எதிர் அயனி மாறுகிறது. இரண்டிலும் துகளின் வெளித்தோல் மட்டுமே புதிதாகிறது என்பது பொதுவான உண்மை.

யுரேனியம்

இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டமான மன்காட்டன் திட்டத்துக்கு யுரேனியம் தேவைப்பட்டது. பெல்சியக் கொங்கோவில் கிடைத்த செறிவு மிகுந்த தாது போதுமானதாக இராது என்ற கவலையால், தரம் குறைந்த மூலங்களின் பக்கம் கவனம் திரும்பியது. இதற்கான ஆய்வுகளைக் கோடன் எம்.ஐ.டி.யில் நடத்தினார். போருக்குப் பின் அமெரிக்க அணுசக்தி ஆணையத்துக்காக அப்பணி தொடர்ந்தது.

தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத் தாதுக்களில் ஒரு டன்னுக்குச் சில நூறு கிராம் அளவே யுரேனியம் இருந்தது. கந்தக அமிலத்தால் அதனைக் கரைத்து, அயனிப் பரிமாற்றப் பிசின்களால் பிரித்தெடுக்கும் முறை இக்காலத்தில் உருவானது. அம்முறையில் இயங்கும் தென்னாப்பிரிக்காவின் முதல் ஆலை 1952இல் திறக்கப்பட்டது. மிதப்பு முறை ஆய்வாளராகப் பெயர் பெற்ற ஒருவர், மிதப்பு முறை பயன்படாத இடத்தில் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது குறிப்பிடத்தக்கது. இப்பணியின் விளைவு அணு ஆயுதங்களுக்கும், பின்னர் அணுமின் நிலையங்களுக்கும் பயன்பட்டது.

நூல்கள்

கோடன் 1932இல் வெளியிட்ட மிதப்பு முறை பற்றிய நூல், அத்துறையை அடிப்படை வேதியியலின் வழியே விளக்கிய தொடக்ககால நூல்களுள் ஒன்று. 1957இல் இதனைப் பெரிதும் திருத்தி இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். 1939இல் வெளியான கனிமம் பதப்படுத்தும் தத்துவங்கள் பற்றிய நூல், நொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிரித்தல் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கியது. பயனுள்ள கனிமமும் பயனற்ற கல்லும் ஒரே துகளுக்குள் பிணைந்திருப்பதைக் கணிதவழியில் விளக்கும் இவருடைய மாதிரியும் அந்நூலில் உள்ளது.

மாணவர்கள்

கோடனின் மாணவர்கள் ஆய்விலும் தொழிலிலும் உயர்ந்தனர். ரைன்ஹார்ட் சூமன் உலோகவியல் பேராசிரியராக விளங்கினார். மொன்டானாவில் இவருடன் நுண்துகள் மிதப்பை ஆராய்ந்த பிளாட்டோ மலோசெமாப், பின்னாளில் நியூமாண்ட் சுரங்க நிறுவனத்தின் தலைவரானார். எம்.ஐ.டி.யில் பயின்ற டக்ளஸ் பியூர்ஸ்டெனாவ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பல பத்தாண்டுகள் கற்பித்தார்.

மறைவும் சிறப்புகளும்

1964இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் அமைக்கப்பட்டபோது, அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவராகக் கோடன் இடம்பெற்றார். 1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று, தமது 74ஆம் வயதில் காலமானார். அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் அமைப்பு 1975இல் இவர் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்தியது. 1976இல் இவருடைய நினைவாக மிதப்பு முறை பற்றிய இரு தொகுதிகள் கொண்ட மலர் வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர் மாரிஸ் பியூர்ஸ்டெனாவ் ஆவார்; இவர் டக்ளசின் தம்பி.

கோடனுக்குப் பின்

ஆக்சைடுச் செப்புத் தாதுக்கள் பற்றிய ஆய்வு கோடனுக்குப் பின்னும் தொடர்கிறது. 1970களின் இறுதியில் ஆத்திரேலியாவில் ஜோன்ஸ், உட்காக் ஆகியோர், சல்பைடு அயனியை உணரும் மின்முனையைக் கலவையில் வைத்து, அதன் மின்னழுத்தத்தை ஏறத்தாழ -500 மில்லிவோல்ட்டில் நிலைநிறுத்தினால் சல்பைடாக்கத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினர். இவ்வாறு, கூடவும் கூடாது குறையவும் கூடாது என்ற சிக்கலுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

சோடியம் சல்பைடுடன் அம்மோனியம் சல்பேட்டையும் சேர்த்தால் சல்பைடாக்கம் விரைவதும், உண்டாகும் படலம் உறுதியாவதும் பின்னர் அறியப்பட்டன. சீனாவின் யுன்னான் மாநிலத் தாதுக்களுக்கு எத்திலீன்டைஅமீன் பாஸ்பேட்டு செயலூக்கியாகப் பயன்பட்டது. கொங்கோவின் கட்டாங்கா பகுதியிலுள்ள கொல்வெசி ஆலையில், மணற்பாங்கான தாதுவைப் பனை எண்ணெயிலிருந்து பெற்ற கொழுப்பு அமிலத்தால் மிதக்கச் செய்தனர். டோலமைட்டு கலந்த தாதுவில் கொழுப்பு அமிலம் டோலமைட்டையும் சேர்த்து மிதக்கச் செய்துவிடுமாதலால், அங்குச் சல்பைடாக்கமே கைக்கொள்ளப்பட்டது.

டோலமைட்டு கலந்த தாதுக்களில்தான் செயலூக்கிகளின் தேவை மிகுதி. ஆக்சைடுச் செப்பைக் கந்தக அமிலத்தில் கரைத்தெடுப்பது வேறிடங்களில் எளிய வழியாகும். ஆனால் டோலமைட்டு அமிலத்தைத் தின்றுவிடும். செப்பு கரைவதற்குள் அமிலச் செலவு கட்டுக்கடங்காமல் போகும். அத்தகைய படிவுகளில், மிதக்கச் செய்ய முடிந்தால் செப்பு கிடைக்கும். முடியாவிட்டால் அது கழிவுக்குளத்தில் சேரும்.

எல்லாச் சிக்கல்களும் தீர்ந்துவிடவில்லை. கிரைசோகொல்லா எனப்படும் செப்புச் சிலிக்கேட்டு நுண்துளைகள் நிறைந்தது, நீரை மிகுதியாக ஏற்பது, இயைபும் நிலையற்றது. அதன் பரப்பில் சல்பைடுப் படலம் உறுதியாக உண்டாவதில்லை. 1965இல் மாரிஸ் பியூர்ஸ்டெனாவும் உடன் ஆய்வாளர்களும் ஐதராக்சமேட்டு என்ற சேகரிப்பானால் அதனை ஆய்வகத்தில் மிதக்கச் செய்தனர். ஆயினும் ஆலைகளில் கிரைசோகொல்லா இன்றும் கடினமான தாதுவாகவே உள்ளது.

உலகில் செப்பின் தேவை பெருகி, எளிதில் கிடைக்கும் தாதுக்களின் தரம் குறைந்துவரும் சூழலில், கைவிடப்பட்ட ஆக்சைடுப் படிவுகளும் பழைய கழிவுக்குவியல்களும் மீண்டும் ஆராயப்படுகின்றன. அவற்றிலிருந்து எவ்வளவு செப்பை மீட்க முடியும் என்பது, துகளின் பரப்பில் உண்டாகும் அந்த மெல்லிய படலத்தை எவ்வளவு நன்கு அறிந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே அமையும். அதனை அளந்து அறிய வேண்டும் என்று தொடக்கத்திலேயே வலியுறுத்தியவர்களுள் ஒருவர் என்ற வகையில், கோடனின் ஆய்வுகள் இன்றும் பயிலப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

நுரை மிதப்பு முறை
மாலகைட்டு
செப்புப் பிரித்தெடுத்தல்
பரப்புக் கவர்ச்சி